மாவுக்கட்டுக் குழாய்

"இந்த மூட்டை என் கட்டிலுக்கு அடியிலயா இருந்துச்சு? சொல்லுங்க அத்தை, என் கட்டிலுக்கு அடியிலயா?"

"வேற எங்க வைக்கிறது, உன் தலைமேலயா? நீ கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியிருந்தே அது அங்கதான் இருக்கு. நீதான் பின்னால வந்து மேல படுத்த."

"எதையும் தொடாதீங்கன்னு படிக்கட்டுல ஒட்டியிருக்காங்க. கொட்டை எழுத்துல. பார்க்கலையா?"

"பார்த்தேன். கல்நார்னு போட்டிருக்கு, ஆஸ்பெஸ்டாஸாம். நம்ம வீட்டுல ஏது கல்நார்? மேல கான்கிரீட்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு கீழ சைக்கிள் ஷெட்டுல இருக்கு. போய் அங்க நின்னு கத்து."

"அப்ப இது என்ன?"

"மாவும்மா. குழாய்க்குப் பூசுற மாவு. உங்க மாமா வச்சுட்டுப் போனது."

இந்த இடத்தில்தான் நான் அடுப்பை அணைத்தேன். உருளைக்கிழங்கு கொதிக்கும் சத்தத்தில் சண்டையின் பாதி காதில் விழாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் எதிர்க் கட்டடத்து இரண்டாம் மாடிக்கும் நடுவில் ஒரு சந்துதான். கை நீட்டினால் எட்டாது, காது நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை, அதுவாக நீண்டது.

மாமியார் பளிச்சம்மா சமையலறைத் தரையில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு அலுமினியப் பேசின். முழங்கை வரைக்கும் வெள்ளை. ரொட்டிக்கு மாவு பிசைகிறவள் மாதிரி அதைப் புரட்டிப் புரட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வாய் பிரிந்த பழைய சாக்கு. மருமகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்துக்கடையில் போடுகிற நீலக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. வயிறு முன்னால் வந்து, கோட்டுப் பட்டன் போடமுடியாத மாதம். ஒரு கை வயிற்றில், ஒரு கை மூக்கில்.

பளிச்சம்மாவுக்கு அந்தப் பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் தெருவில் ஒருத்தரும் மறுத்துப் பேசியதில்லை. அவள் வீட்டுச் சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்பார்கள். படிக்கட்டில் தன் மாடிக்கு வரும் பன்னிரண்டு படியோடு நிற்காமல், அடுத்தவர் படியையும் கழுவிவிட்டு, கழுவாதவர் பெயரையும் சேர்த்துக் கழுவுகிறவள். அவள் இறங்கி வருகிறாள் என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு: "க்கும்" என்று ஒரு செருமல். அதைக் கேட்டதும் படிக்கட்டில் பீடி பிடிப்பவன் அணைப்பான், எச்சில் துப்ப நினைத்தவன் விழுங்குவான். அதிகாரத்துக்கென்றே செய்த தொண்டை என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அவள் புருஷன் அந்தக் கட்டடத்தின் பாய்லர்காரர். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய பாய்லர். அதிலிருந்து வெந்நீர்க் குழாய்கள் கிளம்பி ஒவ்வொரு வீட்டுச் சமையலறையையும் படுக்கை அறையையும் துளைத்துக்கொண்டு மேலே போகும். சூடு வெளியே போகாமலிருக்கக் குழாய் முழுக்கத் துணி சுற்றி, வெள்ளையாக ஒன்றைப் பூசியிருப்பார்கள். காலொடிந்தவனுக்கு மாவுக்கட்டுப் போட்ட மாதிரியே இருக்கும். எல்லோரும் அதை மாவுக்கட்டுக் குழாய் என்றுதான் சொல்வோம். குளிர்காலத்தில் அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டால் ஒரு பேச்சு முடிவதற்குள் காய்ந்துவிடும். பிள்ளைகள் முதுகைச் சாய்த்துக்கொண்டு படிப்பார்கள்.

வருடா வருடம் குளிர் தொடங்குமுன் கட்டடத்து மேனேஜர் சோதனைக்கு வருவார். அதற்கு முந்தின நாள் பாய்லர்காரர் பழைய மாவுக்கட்டு விரிசல் விட்ட இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசுவார். மாவு பிசைந்து கொடுப்பது பளிச்சம்மா. தண்ணீர் பதம் அவளுக்குத்தான் வரும் என்று அவரே சொல்வாராம். மேனேஜர் வந்து குழாயைத் தடவிப் பார்த்து, "உங்க வீட்டை மத்தவங்க வந்து பார்த்துட்டுப் போகணும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தையை அவள் அடுத்த குளிர்காலம் வரை படிக்கட்டில் வைத்து விற்பாள்.

பாய்லர்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது தலைமயிர், புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை. 'மாவுமில்' என்று அவருக்குப் பட்டப்பெயர். "மாவுமில் வந்தாச்சு, மணி ஆயிடுச்சு" என்பார்கள். அவர் சட்டையைப் பளிச்சம்மா பால்கனிக் கம்பியில் அடித்து உதறுவாள். சந்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கொடியில் காயும் துணியெல்லாம் வெள்ளை பூத்துப்போகும். அதற்காக நானும் அவளும் பேசாமல் இருந்த காலமும் உண்டு. பிறகு பாய்லர் நின்றது. ஆளுக்கொரு கரண்ட் ஹீட்டர் வாங்கிக்கொண்டார்கள். பிறகு மாவுமில்லும் நின்றார். இருமி இருமிப் போனார். பாய்லர் செத்ததும் குழாய்களும் செத்துவிட்டன என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவை சும்மா சுவரோடு நின்றன.

இப்போது கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள். இடிப்பதற்கு முன்னால் ஆள் வந்து சோதனை செய்வார்கள் என்று ஒட்டியிருந்தது. சோதனை என்ற ஒரே சொல் போதும் பளிச்சம்மாவுக்கு. மற்றதெல்லாம் அவள் மனதில் நின்றிருக்க வாய்ப்பில்லை.

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு அத்தை பூச்சு?" மருமகளின் குரல் உடைந்தது.

"நாளைக்கு ஒரு ஆள் வீட்டுக்குள்ள வருது. பத்து வீடு பார்த்துட்டு வரும். குழாய் இப்படிப் பீத்தல் பீத்தலா தொங்கினா என்ன நினைக்கும்? பாய்லர்காரன் செத்தான், பொண்டாட்டி வீட்டைக் குப்பையாக்கிட்டான்னு நினைக்காதா?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்! எங்க கடையில சொல்லிட்டுப் போனாங்க, இந்தப் பழைய கட்டடத்துத் தூசு நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராதுன்னு. வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன்."

"நானும் வருஷா வருஷம் இதைப் பிசைஞ்சேன், வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு இருந்தப்பவும். அது பிறந்து, வளர்ந்து, ரொட்டி வேன் ஓட்டுது. உன்னைக் கட்டிக்கிச்சு. அதுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

குறைந்துபோகாத அந்த மகன் சரியாக அந்த நேரத்தில் உள்ளே வந்தான், கக்கத்தில் இரண்டு ரொட்டியோடு. அவன் ஒரு ரகம். அம்மா சொன்னாலும் "அதானே" என்பான், பெண்டாட்டி சொன்னாலும் "அதானே" என்பான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னால் வேனில் பெட்ரோல் போட மறந்துவிட்டதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிடுவான்.

"ஏங்க, பாருங்க உங்கம்மா என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு!"

பார்த்தான். குழாயின் பழைய கட்டை ரொட்டிக் கத்தியாலும் கம்பி பிரஷ்ஷாலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் சுரண்டி எடுத்திருந்தாள். காற்று அடித்துத் தூசு பறக்கிறது என்று ஜன்னலெல்லாம் மூடி வைத்து, சந்துப் பக்கத்துப் பால்கனிக் கதவை மட்டும் திறந்திருந்தாள். சுரண்டியது தரையில் குவிந்து கிடந்தது. மேசைமேல், டம்ளர்மேல், அவள் தலைமேல். சாய்ந்த வெயில் அந்தக் கதவு வழியாக ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அந்தப் பட்டைக்குள் மட்டும் அறை மினுங்கியது. ஊசி ஊசியாக, கீழே இறங்காமல், போகவேண்டிய அவசரமே இல்லாததுபோல மிதந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

மகன் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முடிவெடுத்தான். "சரி சரி, ரெண்டு பேரும் கத்தாதீங்க. நான் சுத்தம் பண்ணிடுறேன்" என்று துடைப்பத்தை எடுத்தான்.

பெருக்கினான். சரக் சரக்கென்று, மூலைக்கு மூலை, அம்மா பிள்ளை என்பதற்குக் குறை வைக்காமல். அந்த வெயில் பட்டை பால் மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் அவன் தெரியவில்லை.

மருமகள் பால்கனிக்கு ஓடி வந்தாள். துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு என் ஜன்னலைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"நாளைக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள் உள்ளே பார்த்து. "நீங்க வேணா வாங்க. இந்த வீட்டுச் சாமான் ஒண்ணு வரக்கூடாது. உங்கம்மாவும் வரக்கூடாது."

உள்ளேயிருந்து மகனின் குரல் வந்தது: "அதானே."

அவன் யாருக்குச் சொன்னான் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"போறவ சாப்பிட்டுட்டுப் போ," என்றாள் பளிச்சம்மா. "க்கும்."

மறுநாள் காலையிலேயே சோதனைக்கு முகமூடிக்காரி வந்துவிட்டாள். அப்படித்தான் தெரு அவளுக்குப் பெயர் வைத்தது. வெள்ளைக் காகித உடுப்பு, தலைக்கு முக்காடு, முகத்தில் இரண்டு பக்கமும் உருளை வைத்த ரப்பர் முகமூடி. பேசினால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். தோளில் ஒரு பெட்டி. முதலில் பாய்லர் அறைக்குப் போனாள். அங்கேயே வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்ததும் அந்தக் கதவைப் பூட்டி, மஞ்சள் நாடாவைக் குறுக்கே ஒட்டினாள். அதைப் பார்த்ததும் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் ஓரடி பின்னால் போனது. பேச்சும் கொஞ்சம் குறைந்தது.

பளிச்சம்மாவின் கிண்ணம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அன்றைக்குத்தான் நாள் பார்த்திருந்தேன். சந்தைக் கடந்து போனேன். கீழ்வீட்டுத் தையல்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் வீட்டைப் பார்த்தாச்சு. தரையில ஒரு டைல்ஸைப் பேத்து, அடியில கறுப்புப் பசையைச் சுரண்டி எடுத்துக்கிட்டாங்க. ரோஜாச் செடிக்குத் தெளிக்கிற மாதிரி முதல்ல தண்ணி தெளிக்கிறாங்க. அப்புறம் கிள்ளுறாங்க, பையில போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில போடுறாங்க. கிள்ளின இடத்துல டேப்பு ஒட்டுறாங்க. கத்தியை ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணியையும் பையில போடுறாங்க. எதையோ பிடிக்கிற போலீசு மாதிரி இருக்கு."

"குழாய்?"

"குழாயைத் தொடலை. ஒரு சுத்து சுத்திப் பார்த்தாங்க. 'கட்டு எங்கயும் உடையலையே, நல்லது, இப்படியே விடுங்க'ன்னாங்க. எனக்குப் பெருமையாப் போச்சு. ஒண்ணுமே செய்யாம பாராட்டு வாங்கினது என் வாழ்க்கையில இதான் முதல் தடவை."

கிண்ணத்தோடு இரண்டிரண்டு படியாக மேலே ஏறினேன்.

பளிச்சம்மா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வீடு மின்னியது. தரையில் முகம் பார்க்கலாம். மேசைமேல் இஸ்திரி போட்ட விரிப்பு, அதன்மேல் வந்தவளுக்கென்று டீ. சமையலறையில் அந்தக் குழாய் புதுக் கட்டோடு, வழவழவென்று, கூரை வரைக்கும் நின்றது. பளிச்சம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். ஒரு கை குழாய்மேல் இருந்தது, பரிசு வாங்கிய பிள்ளையின் தோளில் வைத்ததுபோல.

முகமூடிக்காரி வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. என்னைக் கையால் பின்னால் தள்ளினாள்.

"அம்மா, இது எப்பப் பூசினது?"

"நேத்துதான். வாங்க, உள்ள வாங்க. டீ ஆறுது."

"யாரு பூசினா?"

"நான்தான். எங்க வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டது. அவர் இந்தக் கட்டடத்துப் பாய்லர்ல இருந்தார். மத்த வீட்டுக் குழாயெல்லாம் பார்த்திருப்பீங்களே, எவ்வளவு அசிங்கமா இருக்குன்னு. இதைத் தடவிப் பாருங்க."

முகமூடிக்குள் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பழைய கட்டை எப்படிம்மா எடுத்தீங்க? தண்ணி தெளிச்சா?"

"தண்ணி தெளிச்சா சேறாயிடுமே. காய்ஞ்சதாத்தான் சுரண்டினேன். கம்பி பிரஷ் போட்டேன். இவன் பெருக்கினான்."

"அதானே," என்றான் மகன், பழக்கத்தில். சொல்லிவிட்டு அவனே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

"மிச்ச மாவு எங்க?"

"சாக்குல இருக்கு. கட்டிலுக்கடியில."

"அந்தக் கட்டில்ல யாரு படுக்கிறாங்க?"

பளிச்சம்மாவின் கை குழாயிலிருந்து இறங்கியது. கட்டிலில் படுக்கிறவள் பெட்டியோடு பால்கனிக் கதவருகே நின்றாள். முகமூடி அவள் பக்கம் திரும்பியது. முகத்தைப் பார்த்து, கீழே இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"எல்லாரும் ஃபேனை நிறுத்துங்க. எதையும் எடுக்காதீங்க. துடைக்காதீங்க. நடக்காம அப்படியே நில்லுங்க," என்றாள். போனில் யாரையோ கூப்பிட்டு, ஆள், உடுப்பு, தண்ணீர், பை என்று அடுக்கினாள். பிறகு தெளிப்பானை அழுத்திக்கொண்டே உள்ளே போய், புதுப் பூச்சில் ஒரு கிள்ளு, சாக்கில் ஒரு கிள்ளு எடுத்துப் பையில் போட்டாள்.

"மேடம், அது வெறும் மாவா இருந்தா?" மகன் கேட்டான்.

"மாவா இருந்தா அதுல ஒரு ரொட்டி சுட்டுக் கொண்டாங்க தம்பி. நான் சாப்பிடுறேன். லேப்ல பார்த்துச் சொல்ற வரைக்கும் கல்நார் இருக்குன்னே வச்சுக்கணும். நான் இந்த வேலையில நிறையப் பார்த்துட்டேன்." ரொட்டி வேன்காரன் சிரிக்க முயன்றான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

"அப்படி என்னதான் தப்பு பண்ணிட்டேன்?" பளிச்சம்மாவின் குரல் ஏறியது. "வீட்டைச் சுத்தமா வச்சுக்கிட்டது தப்பா?"

"அம்மா, கட்டு முழுசா இருந்தப்ப அது பாட்டுக்கு உள்ள கிடந்துச்சு. ஈரம் பண்ணி, பையில கட்டி எடுத்துட்டுப் போயிருப்போம். கீழ்வீட்டுல அப்படித்தான் எடுக்கப் போறோம். நீங்க காய்ஞ்சதா சுரண்டினதும் அது கிளம்பிடுச்சு. கண்ணுக்குத் தெரியிறது கீழ விழுந்துடும். கண்ணுக்குத் தெரியாததுதான் மூச்சுல போகும்."

"எவ்வளவோ வருஷமா பிசைஞ்சிருக்கேன். எனக்குச் சளி கூடப் பிடிச்சதில்ல." நிறுத்தினாள். "க்கும்."

முகமூடிக்காரி பெட்டியை மூடிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா போனார்?"

"இருமல். நெஞ்சுல தண்ணி கோத்துக்குச்சு. எடுக்க எடுக்க ஊறுச்சு. சிகரெட்டாலன்னு சொன்னாங்க. அவர் கையால தொட்டதில்ல. அப்ப பக்கத்துல நின்னு குடிச்சவங்க புகைன்னு சொன்னாங்க. பாய்லர் ரூம்ல யாரு வந்து குடிச்சா? அவர் ஒத்தையாத்தானே இருப்பார்."

"அவர் துணியை யாரு துவைப்பா?"

"நான்தான். உதறிட்டுத் துவைப்பேன். பால்கனியில."

அப்போது நான் படிக்கட்டில் இருந்தேன். கையில் அந்தக் கிண்ணம். திறந்த கதவு வழியாகப் பால்கனிக்கு எதிரே எங்கள் கொடி தெரிந்தது. காலையில் போட்ட துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டியோடு நின்ற மருமகள் மாமியாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முறைப்பு இல்லை அது. மருந்துக்கடையில் சீட்டை வாங்கிப் படிக்கிறபோது அவளுக்கு ஒரு முகம் வரும். அந்த முகம்.

"அத்தை, இந்தச் செருமல் உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?"

"செருமலா? அது எப்பவும் இருக்கிறதுதானே. நீதான் மாத்திரை கொண்டாந்து தர்ற, வாயில அடக்கிக்கிறதுக்கு."

"ஆமா. நான்தான் தர்றேன்," என்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

ஆட்கள் வந்தார்கள். படிக்கட்டில் பிளாஸ்டிக் விரித்தார்கள். வீட்டைவிட்டு உடுத்திய துணியோடு ஒருவரும் போகக்கூடாது. அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளித்து, அவர்கள் தருகிற காகித உடுப்பைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். மெத்தை, தலையணை, திரைச்சீலை, உடுப்பு, துணி என்று சொல்லத்தக்க எதுவும் வெளியே வராது.

"குழந்தைக்கு வச்சிருக்கிறது?" மருமகள் கேட்டாள். தையல்காரி தைத்துக் கொடுத்த குட்டிச் சட்டைகள் கட்டில்மேல் ஒரு கூடையில் அடுக்கி இருந்தன. மேல் சட்டையில் மஞ்சள் வாத்து.

முகமூடிக்காரி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

முந்தின நாள் அவ்வளவு சண்டையிலும் அழாத பெண், அந்த வாத்துக்காக அழுதாள்.

பளிச்சம்மா அசையவில்லை. அவள் மேசையைப் பார்த்தாள். யாரும் குடிக்காத டீ ஆடை கட்டிக் கிடந்தது. "அந்த ரெண்டு டம்ளரை மட்டும் கழுவி வச்சுட்டு வந்துடுறேன்," என்றாள். மெதுவாகச் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "வேற ஒண்ணும் தொடலை. எச்சல் இல்லதான், இருந்தாலும் டம்ளர் போட்டது போட்டபடி கிடந்தா... பின்னாடி ஆளுங்க வருவாங்க. என்ன நினைப்பாங்க."

"அம்மா, வேண்டாம்மா."

"ஒரு தடவை தரையையாவது துடைச்சுட்டு..." அவள் கை துடைப்பத்தின்மேல் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

ஆட்கள் தயங்கி நின்றார்கள். மகன் இரண்டு பக்கமும் பார்த்தான். அவனுக்கு "அதானே" சொல்ல ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. மருமகள்தான் நடந்து வந்தாள். மாமியார் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைப்பத்தை வாங்கி, சத்தம் வராமல் தரையில் படுக்கவைத்தாள்.

"இவங்களும் எங்கம்மா வீட்டுக்கு வர்றாங்க," என்றாள் ஆட்களிடம், யாரோ மறுத்ததுபோல. "இவங்களுக்கும் ஒரு உடுப்பு கொடுங்க."

"நான் எதுக்கு உங்கம்மா வீட்டுக்கு? எனக்கென்ன?"

"வர்றீங்க. நாளைக்கு டாக்டர்கிட்டயும் வர்றீங்க. அங்க வந்து எங்கம்மா வீடு குப்பையா இருக்குன்னு சொல்லுங்க, சண்டை போடலாம். இப்ப நடங்க."

மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். தெரு முழுக்க நின்றது. முன்னால் மகன், நடுவில் மருமகள், கடைசியில் பளிச்சம்மா. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, ஈரத் தலையில் வெள்ளை முக்காடு. எனக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம், வேலை முடிந்து, படியேறி வரவேண்டியவர் படியிறங்கி வந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் தையல்காரி முணுமுணுத்தாள்: "மாவுமில் வந்தாச்சு." சிரிப்பதற்காகத்தான் சொல்லியிருப்பாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அவளும்தான்.

பளிச்சம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். செருமினாள். அந்தச் செருமலுக்குத் தெரு வழக்கம்போல வழி விட்டது. இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே விட்டது.

லேப் முடிவு வந்தது. பூச்சிலும் கல்நார் இருந்தது, சாக்கில் நிறையவே இருந்தது. மற்ற வீடுகளில் குழாயை ஈரம் பண்ணி, துண்டு துண்டாக வெட்டி, பையில் கட்டிச் சத்தமில்லாமல் எடுத்துப்போனார்கள். பளிச்சம்மா வீட்டுக்கு மட்டும் பிளாஸ்டிக்கில் ஒரு கூடாரம் கட்டி, உள்ளே மெஷின் வைத்துக் காற்றை உறிஞ்சினார்கள். தெருவிலேயே சுத்தமான வீடு அதுதான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது பொய்யில்லை. கடைசியில் அதைத்தான் அதிகம் சுத்தம் செய்யவேண்டியிருந்தது. பிறகு கட்டடத்தை இடித்தார்கள். நாள் முழுக்க ஒரு லாரி நின்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர் லாரிக்காரர் பெண்டாட்டியை இழந்தவர். தையல்காரி அவருக்கு ஒரு சட்டைக் காலர் மாற்றிக் கொடுத்தாள். அடுத்த மழைக்குள் கல்யாணம். இப்போது ஊருக்கு வெளியே இருக்கிறார்கள்.

ரொட்டி வேன்காரன் மாமியார் ஊரிலேயே ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டான். ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல், ஓயாத ஓட்டம். அவன் தும்மினால் ஒன்றுமில்லையாம். இருமினால் மட்டும் வீட்டில் நான்கு பேரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், அடுத்த இருமல் வருகிறதா என்று காத்திருப்பார்களாம். டாக்டரைக் கேட்டதற்கு, இப்போது எதுவும் தெரியாது, தெரியவேண்டியது இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். "அதுக்குள்ள நான் போயிடுவேன்" என்றாளாம் பளிச்சம்மா. "நாங்க இருப்போமே அத்தை" என்றாளாம் மருமகள்.

பளிச்சம்மாவுக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசினாற்போல இருந்ததாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் வேலை மாதிரிதான் இருக்கு. நல்லா ஒட்டியிருக்கு" என்றாளாம். மருமகள்தான் இதை என்னிடம் போனில் சொன்னாள். இப்போதெல்லாம் பளிச்சம்மா பெருக்குவதில்லையாம். சம்பந்தியம்மா வீடு குப்பையாகக் கிடந்தாலும் ஒரு மூலையில் உட்கார்ந்து, வெயில் பட்டைக்குள் தூசு மிதப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

அந்த இடத்திலேயே புதுக் கட்டடம் எழும்பியது. நாங்களும் பழைய வீட்டை விட்டுவிட்டு அதில் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டோம். குழாயெல்லாம் சுவருக்குள் போய்விட்டது. என்ன ஏது என்று ஒன்றும் தெரியாது. எதிரே எங்கள் பழைய ஜன்னல். அந்தக் கொடிக் கம்பி இன்னும் அங்கேயே நிற்கிறது. வீடு நல்ல வீடு, வெளிச்சமான வீடு. நேற்றுப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வந்த என் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன, பளிச்சம்மா மாதிரியே செருமுற?"